முழுசா வந்து சேரட்டும்!



"அண்ணே, எனக்கு டைப் அடிக்கத் தெரியல, மன்னிச்சிருங்க" என்றான் முதலாண்டுத் தம்பி ஒருவன். உண்மையில் தப்பு அவனுடையதல்ல, என்னுடையது! அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

இந்த மலருக்கு செல்போனிலிருந்தே கட்டுரை அனுப்ப ஒரு படிவம் செய்தேன். சர்வர் நோட் ஜேஎஸ். ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட வைக்க ரயன் டால் 2009-இல் உருவாக்கியது. 'கெட்' கோரிக்கையில் நாம் கேட்பது முகவரியிலேயே வந்துவிடும். 'போஸ்ட்' கோரிக்கையில் விஷயம் தனியே, பின்னால் வரும். அதுவும் ஒரே மூச்சில் வராது, துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டுக்கும் 'டேட்டா' என்று சர்வர் கூப்பிடும். எல்லாம் வந்தபின் 'எண்ட்' என்று சொல்லும்.

நானோ முதல் துண்டு வந்ததுமே ஜேசனைப் பிரித்தேன். லேபில் ஆங்கிலத்தில் நாலு வரி அனுப்பிப் பார்த்தேன், ஓடியது. நீளமான கட்டுரை வந்ததும் சர்வரே படுத்துவிட்டது! பிறகு 'எண்ட்' வரும்வரை காத்திருந்து, ஒவ்வொரு துண்டையும் எழுத்தாக்கி ஒட்டினேன். ஜெயிச்சாச்சு என்று துள்ளினேன்.

அப்புறம்தான் அந்தத் தம்பியின் கட்டுரை வந்தது. தன் தாயைப் பற்றி எழுதியிருந்தான். ஓரிடத்தில் 'அம்மா' என்ற சொல்லின் நடுவே கறுப்பு டைமண்டுக்குள் கேள்விக்குறிகள்!

இரவெல்லாம் தேடிக் கண்டுபிடித்தேன். யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். நம் 'ம'வுக்கு 3 பைட், மேலே வைக்கும் புள்ளிக்கு இன்னொரு 3. துண்டு எந்த இடத்திலும் வெட்டுப்படலாம். அன்று எழுத்தின் நடுவிலேயே வெட்டு விழுந்துவிட்டது. பாதி எழுத்தை எழுத்தாக்கினால் என்ன வரும்? கேள்விக்குறிதான்!

இப்போது பைட்டுகளை அப்படியே சேர்த்து வைக்கிறேன். 'எண்ட்' வந்தபின் பஃபர் கான்கேட் போட்டு ஒன்றாக்கி, கடைசியில்தான் எழுத்தாக்குகிறேன். எக்ஸ்பிரஸில் இதெல்லாம் ஒரே வரி வேலை. ஆனால் அந்த வரிக்குள் நடப்பது இதுதான் என்று பட்டுத் தெரிந்துகொண்டேன்.

தம்பியைத் தேடிப் போய், "தப்பு என்னோடதுடா, திரும்ப அனுப்பு" என்றேன். அனுப்பினான். 'அம்மா' முழுசாக வந்து சேர்ந்தாள்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். எது கோளாறானாலும் 'நமக்குத்தான் தெரியல' என்று தலைகுனியும் பழக்கம் எனக்கும் உண்டு. நண்பர்களே, கோளாறு சில நேரம் சர்வரில் இருக்கும். தலை குனியுமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்!