கோதுமை நிலத்தில் விளைந்த பருப்பு

செப்டம்பர் 14

கனடாவின் சஸ்காட்டூனுக்கு ஆய்வுப் படிப்புக்கு வருகிறவர்களில் பலர், ஊரோடு ஒட்டுவதை ஒரு வேலையாகவும் ஆய்வை வேறொரு வேலையாகவும் பிரித்துக்கொள்கிறார்கள். பகலெல்லாம் ஆய்வுக்கூடம், மிச்ச நேரமெல்லாம் டொராண்டோ போன்ற பெருநகரத்தின் மீது ஏக்கம். இரண்டும் ஒரே வேலை என்பதற்கு 1907இல் இந்த ஊரில் நிறுவப்பட்ட சஸ்காட்செவான் பல்கலைக்கழகமே சான்று. வேளாண் கல்லூரியை வேறெங்கோ ஒதுக்காமல் தன் வளாகத்துக்குள்ளேயே வைத்துக்கொண்ட பல்கலைக்கழகம் அது. 1960களின் இறுதியில் கோதுமை விற்காமல் தேங்கியபோது, உழவர்களுக்கு வேறு பயிர் தேவைப்பட்டது. 1971இல் இங்கே பயிர் மேம்பாட்டு மையம் உருவானது. அமெரிக்காவிலிருந்து வந்து அதில் சேர்ந்த ஆல் ஸ்லிங்கார்ட், அந்த மண்ணில் அநேகமாக யாரும் பயிரிடாத மசூர்ப் பயறைக் கையிலெடுத்தார். அவருடைய ‘லெயர்ட்’ ரகம் 1978இல் வெளிவந்தது. மசூர் குட்டையான செடி. காய்கள் தரையை ஒட்டித் தொங்கும். அறுவடை இயந்திரத்தின் கத்தி கல்லில் மோதாமலிருக்க, விதைத்தபின் கனத்த உருளையை ஓட்டி நிலத்தைச் சமன்படுத்துகிறார்கள். காற்றிலுள்ள நைட்ரஜனை வேரில் சேர்ப்பதால் மண்ணுக்கும் அது நல்லது. இன்று இந்தியாவிலும் இலங்கையிலும் இந்த மசூரை மைசூர்ப் பருப்பு என்று நாம் வாங்குவதில் கணிசமான பங்கு கனடாவில் விளைந்தது. வெளியிலிருந்து வந்த ஓர் ஆய்வாளர் அந்த ஊரின் கவலையைத் தன் கவலையாக்கிக்கொண்டார். ஊரில் வேர் பிடித்ததும் ஆய்வில் வென்றதும் அவருக்கு ஒன்றாகவே நடந்தன.

டிசம்பர் 10

ஊரோடு ஒட்டுவதும் ஆய்வும் ஒரே வேலை என்றால் ஒரு மறுப்பு எழும்: பயிர் ஆய்வுக்கு இது பொருந்தும், இயற்பியலுக்கோ வேதியியலுக்கோ பெருநகரமும் பெரிய கருவிகளும் வேண்டாமா? நியாயமான கேள்வி. மனைவி யூதர் என்பதால் நாஜி ஜெர்மனியில் இருக்க முடியாமல் 1935இல் இங்கே வந்த இயற்பியலாளர் கெர்ஹார்ட் ஹெர்ஸ்பெர்க், 1945இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். ஆனால் இடைப்பட்ட பத்தாண்டுகளில், மூலக்கூறு நிறமாலையியலில் பல தலைமுறைகள் படித்த நூல்களை அவர் இங்கிருந்துதான் எழுதினார். 1971இல் வேதியியல் நோபல் பரிசும் பெற்றார். கருவிக் குறையையும் இந்த ஊர் அப்படியே விட்டுவிடவில்லை. 1948இல் பீட்டாட்ரான், 1964இல் நேர்கோட்டு முடுக்கி, 2004இல் சின்க்ரோட்ரான் என்று துகள் முடுக்கிகளின் வரிசை ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்தது. 1951இல் புற்றுநோய்க்குக் கோபால்ட்-60 கதிர்வீச்சு சிகிச்சையை உலகிலேயே முதலில் தொடங்கிய இரண்டு இடங்களில் ஒன்று சஸ்காட்டூன். அதன் பின்னால் இருந்தவர் இந்தப் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஹரோல்ட் ஜான்ஸ். உள்ளூர் நோயாளிகளுக்கான ஏற்பாடு உலகத்துக்கே மருத்துவமானது.

குளிர் பற்றிய மறுப்பையும் தட்டிக்கழிக்கக் கூடாது. மைனஸ் முப்பது இங்கே அதிசயமில்லை. இந்த மாதத்தில் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. ஆனால் இது மன உறுதிக்கு வைக்கும் தேர்வு அல்ல, ஏற்பாட்டைப் பொறுத்த விஷயம். இரவில் காரின் எஞ்சினை மின்சாரத்தில் சூடாக்கி வைக்கிறார்கள். வளாகக் கட்டடங்கள் பலவற்றைச் சுரங்க நடைபாதைகள் இணைக்கின்றன. புதிதாக வருகிறவருக்கு நல்ல கோட்டும் பூட்ஸும் எவ்வளவு அவசியமோ, அவற்றை எங்கே வாங்குவது என்று சொல்லித்தர ஆளும் அவ்வளவு அவசியம். அந்தப் பொறுப்பைத் தனிமனிதர் தலையில் கட்டிவிட்டு, தாக்குப்பிடிக்காதவரைக் குறைசொல்வது அநீதி.

மார்ச் 22

ஆய்வு இந்த மண்ணின் கவலையிலிருந்து தொடங்க வேண்டும் என்றால் இது யாருடைய மண் என்றும் கேட்க வேண்டும். இது 1876இல் பழங்குடி மக்களோடு கையெழுத்தான ஆறாம் உடன்படிக்கையின் நிலம். கிரீ மக்களும் மேத்தி மக்களும் வாழ்ந்துவரும் நிலம். சஸ்காட்டூன் என்ற பெயரே இங்கு விளையும் ஒரு பழத்துக்கான கிரீ சொல்லிலிருந்து வந்தது. உழவரின் விளைச்சல் மட்டுமே ஊரின் கவலை என்று எடுத்துக்கொண்டால் பாதி ஊரைத்தான் அறிவோம். ஆகவே வருகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது: ஆய்வுத் தலைப்பை முடிவு செய்யுமுன் நூலகத்தோடு நிற்காமல் உழவரிடமும் பழங்குடி மூத்தோரிடமும் மருத்துவமனைச் செவிலியரிடமும் என்ன தேவை என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதிலிருந்து தொடங்கும் ஆய்வு உங்களுக்குப் பட்டத்தோடு ஓர் ஊரையும் தரும்.