கை போகாத எடத்துல ஒரு போல்ட்

ஜெனரேட்டர் வாங்குறப்போ லிஃப்ட் இழுக்குமா, எத்தனை ஃபேன் ஓடும்னு எல்லாரும் கேப்பாங்க. ஆயில் ட்ரெய்ன் போல்ட் எந்தப் பக்கம் இருக்குன்னு ஒருத்தராவது கேட்டதா சரித்திரம் கிடையாது :-)

எங்க அபார்ட்மெண்ட்டுக்கு 2012 கரண்ட் கட் சமயத்துல வாங்கினது. மதுரையில அப்போ கரண்ட் இருந்த நேரத்தை விரல் விட்டு எண்ணிடலாம். கிடைச்ச மூலையில தூக்கி வச்சாச்சு. போல்ட் சுவத்தோரம், சம்ப்புக்கு அடியில. ஸ்பேனர் போட்டா அரைக்கால் சுத்துக்கு மேல திரும்பாது. இஞ்சின் சூடா இருந்தாத்தான் எண்ணெய் அழுக்கோட இறங்கும்கிறதால, அந்தச் சூட்டுலயே மெக்கானிக் அண்ணன் படுத்துக்கிட்டு கையை விடணும். முழங்கை வரைக்கும் கறுப்பாகித்தான் எழுந்திருப்பார்.

ஒரு தடவை அவரே சொன்னார்: "சார், உள்ளதைச் சொல்றேன். இப்படி இருந்தா அடுத்து வர்ற பையன் படுக்கவே மாட்டான். பழசு மேலயே ரெண்டு லிட்டர் ஊத்திட்டு பில்லைக் குடுத்துருவான்."

எனக்குப் பக்குன்னு இருந்துச்சு. மூணாவது மாடியில ஒரு பெரியம்மா ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்லதான் இருக்காங்க. கரண்ட் போனா அந்த மெஷினுக்கு இந்த ஜெனரேட்டர்தான் கதி. சிலிண்டர் ஒண்ணு பக்கத்துல இருக்கு, ஆனா அது எத்தனை நேரம் வரும்?

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஆயில் உறிஞ்சுற பம்ப். டிப்ஸ்டிக் குழாய் வழியா மெல்லிசு ட்யூபை அடி வரைக்கும் விட்டு, வேக்குவம்ல மேல இழுக்குறது. படுக்கவே வேண்டாம். ஆனா அடியில படிஞ்ச கசடு கொஞ்சம் தங்கிடும். இன்னொண்ணு, போல்ட்டுக்குப் பதிலா ஒரு பால் வால்வு மாட்டி, அதுலேர்ந்து ஹோஸை வெளியே கொண்டு வர்றது. மரை அளவு அச்சா பொருந்தணும். இரும்புப் பைப் போட்டா இஞ்சின் அதிர்வுல விரிசல் விடும். அதனால எண்ணெயும் சூடும் தாங்குற, கம்பி பின்னின ஹோஸ்தான் சரி. லீவர் தெரியாம தட்டித் திறந்துட்டா இஞ்சின் காலி. அதுக்காக ஹோஸ் நுனியில ஒரு மூடி கட்டாயம்.

நாங்க வால்வு போட்டோம். ஃபில்டருக்கு ஒரு பெல்ட் ஸ்பேனர். அசோசியேஷன் கூட்டத்துல "பத்து வருஷமா இது இல்லாமலா ஓடுச்சு?"ன்னு ஒருத்தர் கேட்டார். ஓடுச்சுதான் சார், அண்ணன் கையை வச்சு ஓடுச்சு. பழைய எண்ணெய் நாள்கணக்கா தோல்ல பட்டுக்கிட்டே இருந்தா புற்றுநோய் வரைக்கும் கொண்டு விடலாம். அந்தச் செலவு நம்ம கணக்குல வர்றதில்ல, அவ்ளோதான்.

இறக்கின எண்ணெயைச் சென்ட்ரிங் பலகைக்குப் பூசக் கேட்டு ஆள் வருவாங்க. குடுக்காதீங்க. 2016 அபாயக் கழிவு விதிப்படி அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரர் கிட்டத்தான் போகணும்.

கஷ்டமான வேலையை யாரும் முடியாதுன்னு சொல்றதில்ல மக்களே, சத்தமில்லாம விட்டுடுவாங்க. உங்க கட்டடத்து ஜெனரேட்டர் போல்ட் எந்தப் பக்கம் இருக்குன்னு இந்த ஞாயித்துக்கிழமை ஒரு டார்ச் அடிச்சுப் பாத்துடுங்க.