தண்ணீர் இறங்கிய தெருவில் அம்மாவும் நானும்

எடின்பரோவின் பழைய நகரத்தை அறிய ஒரே ஒரு தெருவை முழுக்க நடந்தால் போதும். மேற்கே பாறை உச்சியில் கோட்டை. கிழக்கே அடிவாரத்தில் ஹோலிரூட் அரண்மனை. இடையில் இறங்கும் சரிவுக்கு ராயல் மைல் என்று பெயர். நீளம் சுமார் 1.8 கிலோமீட்டர், பழைய ஸ்காட்லாந்து மைல் கணக்கு அது. காசில்ஹில், லான்மார்க்கெட், ஹை ஸ்ட்ரீட், கேனன்கேட் என்று வழிநெடுகப் பெயர் மாறினாலும் தெரு ஒன்றுதான்.

இந்தச் சரிவை உண்டாக்கியது பனி. கோட்டை நிற்பது ஏறக்குறைய 35 கோடி ஆண்டுப் பழமையான எரிமலைப் பாறையின் மேல். பனியுகத்தில் மேற்கிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாளத்தால் அதை அரித்துத் தள்ள முடியவில்லை. அதன் மறைவில் இருந்த மென்மையான பாறையும் தப்பி, கிழக்கு நோக்கி நீண்ட முதுகாகத் தங்கிவிட்டது. நகரம் அந்த முதுகின் மேல் வளர்ந்தது. இருபுறமும் பள்ளம், அகலத்துக்கு இடமில்லை. அதனால் வீடுகள் உயரமாகப் போயின. வீடுகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கான சந்துகள் பிறந்தன.

அம்மாவோடு போவதால் மேலே தொடங்கிக் கீழே இறங்குவது என்று வைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது; முழங்காலில் வலி உண்டு. தஞ்சாவூரில் கீழ அலங்கத்தை ஒட்டிய சந்து ஒன்றில் மாடிக் குடித்தனம் நடத்தியவள். தெருக்குழாயில் பிடித்த தண்ணீரைக் குடம் குடமாகப் படியேற்றி எங்களை வளர்த்தவள். இந்தத் தெருவை அவள் பார்த்த விதத்துக்கும் அந்தக் குடத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

கோட்டைக்குள் 12ஆம் நூற்றாண்டின் புனித மார்கரெட் சிற்றாலயத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் அவளுடைய முதல் கேள்வி எழுந்தது. "ஏண்டி, இவ்வளவு உசரத்துல தண்ணிக்கு என்ன பண்ணினாங்க?"

பதில் பக்கத்திலேயே இருந்தது. கோட்டை வாசலைத் தாண்டியதும் வரும் கட்டடம் ஒரு காலத்தில் நீர்த்தேக்கம். 1670களில் நகருக்குத் தெற்கே கோமிஸ்டன் ஊற்றுகளிலிருந்து ஈயக்குழாய் போட்டு இந்த இடத்துத் தொட்டிக்கு நீரைக் கொண்டுவந்தார்கள். ஊற்று இதைவிட மேட்டில் இருந்ததால் இறைக்க வேண்டிய அவசியமில்லை. இங்கிருந்து தெருவின் சரிவிலேயே இறங்கி, ஆங்காங்கே கட்டிய கல் குழாயடிகளுக்கு நீர் போனது. கேட்டதும் அம்மாவுக்குத் தஞ்சாவூரின் சேவப்பநாயக்கன்வாரி ஏரி நினைவுக்கு வந்தது. அங்கே சேர்ந்த மழைநீர் சிவகங்கைக் குளத்துக்கு வந்த கதையை, நின்ற இடத்திலேயே எனக்குச் சொன்னாள்.

அடுத்த கட்டடம் கேமரா அப்ஸ்க்யூரா. உச்சியில் ஓர் இருட்டறை. கூரையில் பொருத்திய கண்ணாடியும் லென்ஸும் வெளியே நடப்பதை அப்படியே ஒரு வட்டமான வெள்ளை மேசையில் விழச் செய்கின்றன. பேருந்து மேசையில் ஊர்கிறது. மனிதர்கள் எறும்பளவில் தெருவைக் கடக்கிறார்கள். வழிகாட்டி ஒரு வெள்ளைக் காகிதத்தை மேசையில் நீட்டி, நடந்துபோகும் ஒருவரை அதன்மேல் ஏற்றித் தூக்கிக் காட்டினார். அம்மாவும் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். கைப்பை சுமந்து மேடேறிய ஒரு பெண்ணைக் காகிதத்தில் ஏற்றி, பதமாக மறுபக்கம் இறக்கிவிட்டாள்.

இந்தக் கோபுரத்தை 1892இல் எடுத்து நடத்தியவர் பேட்ரிக் கெடிஸ். உயிரியலாளர், பிறகு நகரத் திட்ட வல்லுநர். வருபவர்கள் உச்சியில் தம் ஊரை முதலில் பார்க்க வேண்டும், பிறகு ஒவ்வொரு தளமாக இறங்கி ஸ்காட்லாந்து, ஐரோப்பா, உலகம் என்று விரிய வேண்டும் என்பது அவர் வகுத்த வரிசை.

கொஞ்சம் கீழே, லான்மார்க்கெட்டில், ஜேம்ஸ் கோர்ட். 1767இல் திட்டமிட்ட புதிய நகரம் வடக்கே எழுந்ததும் வசதியானவர்கள் அங்கே போய்விட்டார்கள். பழைய வீடுகளில் ஏழைகள் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். அப்படிச் சீரழிந்த ஜேம்ஸ் கோர்ட்டுக்கு 1886இல் மனைவி அன்னாவுடன் கெடிஸ் குடிவந்தார். அண்டை வீட்டாரோடு சேர்ந்து சுவருக்கு வெள்ளையடித்தார், முற்றத்தைத் துப்புரவாக்கினார். சந்து முழுவதையும் இடிக்கக் கூடாது; காற்றையும் வெளிச்சத்தையும் மறிக்கும் ஒன்றிரண்டு கட்டடங்களை மட்டும் நீக்கி, மற்றதைப் பழுதுபார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

அதே கொள்கையோடு 1914இல் அவர் சென்னை வந்தார். அவருடைய நகரக் கண்காட்சியை ஏற்றிவந்த கிளான் கிராண்ட் கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு ஒரு மாதம்கூட ஆகாத அதே எம்டன். நண்பர்கள் திரட்டி அனுப்பிய வேறு படங்களைக் கொண்டு கண்காட்சியை நடத்திவிட்டு, மாகாணத்தின் ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். தஞ்சாவூரும் மதுரையும் அவற்றில் அடக்கம். பழைய குடியிருப்புகளை நேர்கோட்டுச் சாலைகளால் கிழிக்க வேண்டாம் என்று அதில் வாதாடினார். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "நம்ம சந்து தப்பிச்சதுக்கு இந்த மனுஷனும் ஒரு காரணமா இருக்கட்டும்" என்றாள்.

செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தைத் தாண்டினால் ஹை ஸ்ட்ரீட்டின் வடபுறம் பெய்ஸ்லி க்ளோஸ். 1861 நவம்பரில் இங்கே ஒரு பழைய அடுக்குவீடு இரவில் சரிந்து 35 பேர் இறந்தார்கள். இடிபாட்டைத் தோண்டியவர்கள், நான் இன்னும் சாகவில்லை என்று கூவிய சிறுவனின் குரல் கேட்டு அவனை மீட்டார்கள். சந்தின் நுழைவாயிலுக்கு மேல் அவன் முகத்தையும் அவன் சொன்னதையும் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டே நகரம் தனக்கென ஒரு சுகாதார அதிகாரியை நியமித்தது. ஹென்றி லிட்டில்ஜான் என்ற அந்த மருத்துவர் 1865இல் கொடுத்த அறிக்கை வீடு, நெரிசல், நோய் எல்லாவற்றையும் கணக்கெடுத்தது.

ஜான் நாக்ஸ் வீட்டருகே ஒரு பழைய குழாயடி இன்னும் நிற்கிறது. சதுரமான, கனத்த கற்கட்டு. இப்போது நீர் வருவதில்லை. அம்மா அதன் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, எதிரே இருந்த மாடிகளை எண்ணினாள். "மேல் மாடிக்கு யாரு தூக்கினா?" கூலிக்குத் தூக்கினார்கள். நீர்ப்பீப்பாயை முதுகில் சுமந்து ஆண்களும் பெண்களும் சுழல்படிகளில் ஏறினார்கள். நடுமாடிகளில் பிரபுக்களும் நீதிபதிகளும், உச்சியில் ஏழைகளும் ஒரே படிக்கட்டைப் புழங்கிய வீடுகள் அவை. அழுக்குநீர் ஜன்னல் வழியே தெருவுக்கே வந்தது.

சற்றுத் தள்ளிச் சாலையில் பித்தளைத் தகடுகள் பதிந்திருக்கின்றன. 1764இல் இடித்த நெதர்போ வாயிலின் தடம் அது. அதற்கப்பால் கேனன்கேட், 1856 வரை தனி ஊர்.

கேனன்கேட் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஆடம் ஸ்மித் இருக்கிறார். சற்றுத் தொலைவில் பேன்மியூர் ஹவுஸ், 1778 முதல் அவர் வாழ்ந்த வீடு. தந்தை இறந்த பிறகு பிறந்த பிள்ளை அவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. பொருளாதாரம் அறிந்த உலகமெல்லாம் புகழ்ந்த அந்த மனிதர், 1784இல் ஏறத்தாழ 90 வயதில் தாய் மார்கரெட் இறக்கும்வரை அவரோடு ஒரே வீட்டில் இருந்தார். எங்கள் அப்பாவும் சீக்கிரமே போய்விட்டவர். அம்மா அந்த வாசலில் நெடுநேரம் நின்றாள், நானும் அவசரப்படுத்தவில்லை.

தேவாலயத்துக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே டன்பார்ஸ் க்ளோஸ் தோட்டம் ஒளிந்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டுப் பாணியில் 1970களில் அமைத்தது. பழைய நகரத்தின் நெருக்கத்துக்குள் சின்னத் தோட்டங்களைக் கொண்டுவரும் வேலையை முன்பே தொடங்கியவர்கள் கெடிஸும் அவர் மகள் நோராவும். தந்தை போட்ட கருத்துக்கு மகள் மண் கொத்திச் செடி வைத்தார்.

தெருக்கோடியில் என்ரிக் மிராயேஸ் வடிவமைத்த ஸ்காட்லாந்து நாடாளுமன்றம். 2004இல் அது திறப்பு விழா கண்டபோது அவர் உயிரோடில்லை. எதிரே அரண்மனை, அதை ஒட்டி, 1128இல் தோன்றிய மடத்தின் கூரையில்லாச் சுவர்கள். அங்கே தெரு முடிகிறது.

அரசர்களின் பெயரைத் தாங்கிய தெரு இது. ஆனால் இதை ஊராக வைத்திருந்தவர்கள் தண்ணீர் தூக்கியவர்களும், படி கூட்டியவர்களும், இடிந்த சுவரைப் பூசியவர்களும்தான். நான் தனியாகப் போயிருந்தால் கோட்டையையும் அரண்மனையையும் பார்த்துத் திரும்பியிருப்பேன். ஒரு வீட்டைத் தோளில் சுமந்தவர்களுக்கே ஒரு நகரத்திடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிகிறது. பெற்றவர்களை வெளியூருக்கு அழைத்துப் போகிறவர்கள் இடங்களின் பட்டியலைச் சுருக்கிக்கொள்ளுங்கள். ஒரு தெரு போதும். கேள்விகளை அவர்கள் கேட்கட்டும். பதில் தேடும் வேலை நம்முடையதாக இருக்கட்டும்.