தில்லி மடல்: உட்கார்ந்து படிக்க ஓர் இடம்

எதிர்வீட்டுப் பெண் மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறாள். ஓர் அறை வீடு, ஐந்து பேர், ராத்திரி பதினொரு மணி வரை டி.வி. "ஆன்ட்டி, லக்ஷ்மி நகர்ல ஒரு லைப்ரரி இருக்காம், கூட வர்றீங்களா?" என்றாள். இந்த வாரம் போய்ப் பார்த்தோம். சந்துக்குள் இரண்டாவது மாடி. பிளைவுட் தடுப்பு அடித்த மேசைகள், ஆளுக்கொரு விளக்கு, ஒரு பிளக் பாயின்ட், நம்பர் போட்ட லாக்கர். புத்தகம் மட்டும் ஒன்றுகூட இல்லை.

பயிற்சி மையங்கள் நிறைந்த முகர்ஜி நகரிலும் பழைய ராஜேந்தர் நகரிலும் இப்படி வரிசையாக இருக்கின்றன. மாதக் கட்டணம் உண்டு. காலை ஷிப்ட், மாலை ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று நேரத்தைக் கூறுபோட்டு விற்கிறார்கள். தினமும் அதே நாற்காலி வேண்டுமென்றால் கூடுதல் பணம். இல்லையேல் காலியான இடத்தில் உட்காரலாம். ஷிப்ட் முடிந்ததும், கணக்கு பாதியில் நின்றாலும், எழுந்துவிட வேண்டும். லாக்கருக்குத் தனிக் காசு.

பணம் கொடுத்து ஏன் போகிறார்கள்? லக்ஷ்மி நகர் போவதற்கு முந்தைய நாள் ஓர் அரசு நூலகத்துக்கும் போயிருந்தோம். வாசலிலேயே அவள் பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சொந்தப் புத்தகத்துக்கு உள்ளே அனுமதியில்லை. வெளிப் புத்தகம் வந்தால் நூலகப் புத்தகத்தோடு கலந்துவிடும், திருட்டுப் போனால் கண்டுபிடிக்க முடியாது என்று காரணம் சொன்னார்கள். புத்தகம் கிடைக்காத காலத்தில் அது சரி. இன்றைய பிள்ளைகளிடம் கைடு இருக்கிறது, நோட்ஸ் இருக்கிறது. இல்லாதது வெளிச்சமும் அமைதியும்தான். அதை வாசலிலேயே மறுக்கும் விதியை என்னால் ஏற்க முடியவில்லை.

2024 ஜூலை 27 அன்று பழைய ராஜேந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் பேஸ்மென்ட் நூலகத்துக்குள் மழைத் தண்ணீர் பாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். சாமான் வைக்கவும் வண்டி நிறுத்தவும் மட்டுமே அனுமதி பெற்ற இடம் அது. படிக்க இடம் தேடும் பிள்ளைகளை ஒரு நகரம் எங்கெல்லாம் உட்கார வைத்திருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

இத்தனைக்கும் ஆசியாவுக்கே முன்மாதிரியாக யுனெஸ்கோவும் மத்திய அரசும் சேர்ந்து பொது நூலகம் தொடங்கிய ஊர் இது. பழைய தில்லி ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தில்லி பொது நூலகத்தை 1951 அக்டோபர் 27 அன்று நேரு திறந்துவைத்தார். முன்மாதிரி வந்தது, நூலகச் சட்டம் இன்றுவரை வரவில்லை. சட்டம் இல்லாததால் நூலகத்துக்கென்று வரியும் இல்லை. பேட்டைக்குப் பேட்டை நூலகம் எங்கிருந்து வரும்?

நம் ஊரை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் விடாமல் வாதாடியதன் பலன், 1948-லேயே சென்னை மாகாணத்தில் நூலகச் சட்டம் வந்துவிட்டது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல். அதே ரங்கநாதன் தில்லிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் கற்பித்தவர். பாடத்தை எடுத்துக்கொண்ட தில்லி, சட்டத்தை எடுத்துக்கொள்ளவில்லை. சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் படிப்பவர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அதை எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். "காசு எவ்வளவு?" என்றாள். இலவசம் என்றதும் இரண்டாம் முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். மறுநாள் மாலை ஷிப்டுக்குப் பணம் கட்டிவிட்டாள்.

தமிழ்நாட்டில் நீங்கள் கட்டும் சொத்து வரியோடு சேர்த்து ரூபாய்க்குப் பத்துக் காசு நூலகத்துக்கென்று போகிறது. அந்த உரிமையோடு உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போய், சொந்தப் புத்தகத்தோடு வரும் பிள்ளைகளுக்கு நாலு மேசையும், இரவு ஒன்பது மணி வரை திறந்த கதவும் கேளுங்கள்.