எங்கள் டொக்டரை மாற்றிவிட்டார்கள்

1987ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இலண்டனிலிருந்து என் தமக்கையாருக்கு ஒரு கடிதம் வந்தது. நீல நிற விமானத் தபால் தாளில், சாய்ந்தும் சரிந்தும் ஓடிய தமிழெழுத்துக்களில், பன்னிரண்டு வயதான அவருடைய மகன் எழுதியிருந்தான். நலம் விசாரித்து, குளிரைக் குறைகூறி, சிற்றப்பா வாங்கிக்கொடுத்த சப்பாத்துக்களைப் புகழ்ந்த பின்னர், தாளின் அடியில், மடிப்புக்குள் மறையும் இடத்தில், இப்படி முடித்திருந்தான்: “அம்மா, எங்கள் டொக்டரை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்கள். வேறு ஒருவர் வரப்போகிறாராம். எனக்கு அவர் வேண்டாம்.”

தமக்கையார் கடிதத்தோடு என் வீட்டுக்கு ஓடி வந்தார். “தம்பி, பிள்ளைக்கு ஏதோ வருத்தம். எங்களுக்கு மறைச்சுப் போட்டினம். கன நாளாய் ஒரு டொக்டரிட்டைக் காட்டியிருக்கினம் போலை” என்று கண் கலங்கினார். நானும் அவ்வாறே கருதினேன். அவர் மருதடிப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தார். நானோ ஆசிரியன்; ஆதலால் புத்திமதி கூறும் பொறுப்பு எனதாயிற்று. “அன்புள்ள மருமகனுக்கு, பழைய வைத்தியர் போய்விட்டார் என்று மனம் வருந்தாதே. புதிதாக வருபவரும் கற்றறிந்தவராகவே இருப்பார். முகம் புதிது என்பதற்காக ஒருவரை வெறுக்கலாகாது. அவர் தரும் மருந்து கசந்தாலும் வேளை தவறாது குடித்து வா” என்று தாள் நிறைய எழுதித் தபாலிற் சேர்த்தேன்.

அந்த டொக்டர் வைத்தியரே அல்லர், தொலைக்காட்சிக் கதையொன்றில் வரும் பாத்திரம் என்ற உண்மை பல மாதங்களின் பின்னரே எங்களுக்கு எட்டிற்று. வாசகர்கள் நகைக்கலாம். நாங்களும் நகைத்தோம், ஆனால், தமக்கையார் நேர்த்திக் கடனை நிறைவேற்றத் தவறவில்லை. பிள்ளை சாப்பிடாமல் இருந்தது பொய்யல்லவே என்றார்.

அந்தக் கதையின் பெயர் ‘டொக்டர் ஹூ’. பி. பி. சி. நிறுவனத்தார் 1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இதனைத் தொடங்கினர். டொக்டர் என்பவர் மானிடர் அல்லர், வேற்றுலகத்தவர், இரண்டு இதயங்கள் உடையவர். இலண்டன் தெருக்களில் முன்னாளில் நின்ற பொலிஸ் தொலைபேசிக் கூடு போன்ற நீலப் பெட்டியொன்றில் ஏறிக் காலத்தையும் அண்டத்தையும் கடந்து திரிபவர். சொந்த உலகத்தை விட்டுப் புறப்பட்டவர். எங்கும் நிலையாகக் குடியிருப்பதில்லை.

முதன்முதலில் இவ்வேடம் பூண்டவர் வில்லியம் ஹாட்னெல் என்னும் நடிகர். மூன்றாண்டுகளில் அவருடைய உடல்நலம் குன்றிற்று. கதையோ நாடெங்கும் புகழ் பெற்றுவிட்டது. நிறுத்த மனம் வரவில்லை. எனவே தயாரிப்பாளர் ஓர் உபாயம் செய்தனர். டொக்டரின் உடல் நைந்துபோகும்போது அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். முகமும் குரலும் குணமுங்கூட மாறும். ஆள் மட்டும் அவரே. 1966ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் திகதி ஹாட்னெல் தரையில் வீழ்ந்தார். பற்றிக் ட்றவுட்டன் என்னும் வேறொருவராக எழுந்தார். கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது பெரிய அதிசயமன்று. ஆங்கிலேயச் சிறுவர்களுக்கு அது பேரதிர்ச்சி. முதியவர் இருந்த இடத்தில் கோமாளி ஒருவனைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள் என்று அன்றே பலர் முறையிட்டனர். அந்தக் கோமாளியே மூன்றாண்டுகளின் பின் விடைபெற்றபோது அவருக்காகவும் வருந்தினர்.

இதில் மனத்தைத் தொடும் செய்தியொன்று உண்டு. அக்காலத்தில் பி. பி. சி.யார் பழைய நாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்தினர். ஹாட்னெல் விடைபெற்ற கடைசிப் பகுதியும், ட்றவுட்டன் தோன்றிய முதற் கதை முழுவதும் இவ்வாறு மறைந்துவிட்டன. ஒருவர் மற்றவராக மாறும் அந்தச் சில விநாடிகள், வேறொரு சிறுவர் நிகழ்ச்சியில் எடுத்துக் காட்டப்பட்டமையால், தப்பிப் பிழைத்தன. எஞ்சியவற்றின் ஒலி இன்றும் இருக்கிறதென்றால், அது வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு அருகில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிவுசெய்த இரசிகர்களின் புண்ணியம். வேண்டாம் என்று முறையிட்டவர்களுள்ளும் இப்படிப் பதிவு செய்தவர் இருந்திருக்கலாம் என்று நான் எண்ணுவதுண்டு.

என் மருமகன் இலண்டன் சென்றது 1984ஆம் ஆண்டில். ஆடிக் கலவரத்துக்கு மறு ஆண்டு. அப்போது அவனுக்கு ஒன்பது வயது. தாயும் தகப்பனும் இங்கே. அவன் சிற்றப்பாவோடு அங்கே. 1985ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மாலை அவன் தொலைக்காட்சியைப் பார்த்தபோது டொக்டராக நின்றவர் கொலின் பேக்கர், அவ்வேடம் ஏற்ற ஆறாமவர். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகத் துண்டுகள் பொருத்திய, கண்ணைக் கூசச் செய்யும் மேலங்கி ஒன்று அவருடைய உடை. பாடசாலையில் எல்லோரும் அதைப் பரிகசித்தனர். என் மருமகனுக்கோ பழைய துணிக் கடையில் வாங்கிய கம்பளிச் சட்டை; அதனையும் பரிகசித்தனர். “அந்த ஆளையும் ஒருத்தருக்கும் பிடிக்கேல்லை, மாமா. ஆனா அவர் கோட்டைக் கழற்றேல்லை” என்று பின்னாளில் என்னிடம் சொன்னான். அதற்குமேல் அவன் விளக்கவில்லை. எனக்கு வேண்டியதும் இல்லை.

அவ்வாண்டிலேயே கதையைப் பதினெட்டு மாதங்கள் நிறுத்தி வைத்தனர். 1986இல் மீண்டும் தொடங்கிய சில மாதங்களில் கொலின் பேக்கரை அகற்றினர். அப்போது எழுதியதே நான் முதலிற் கூறிய கடிதம். விடைபெறும் காட்சியில் நடிக்குமாறு கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். ஆகவே 1987ஆம் ஆண்டு செப்டெம்பரில், புதிய நடிகர் சில்வெஸ்டர் மக்கோய்க்கே கொலின் பேக்கரின் உடையை அணிவித்து, சுருட்டை முடியைத் தலையிற் கவிழ்த்து, தரையிற் கிடத்தி, அவரை இவராக மாற்றிக் காட்டினர். என் மருமகன் அந்தப் பொய்முடியை இன்றுவரை மன்னிக்கவில்லை.

இனி 2017ஆம் ஆண்டுக்கு வருகிறேன். ஓய்வுபெற்ற கிழவனாகிய நான் அவனுடைய இலண்டன் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். தமக்கையார் காலமாகிவிட்டார். அவனுக்கு எட்டு வயதில் ஒரு மகள். தகப்பனும் மகளும் டொக்டர் கதையை ஒரு பகுதியும் தவறவிடாதவர்கள். கதைமுடிந்ததும் அதை விளையாடுவார்கள். விளையாட்டில் தகப்பன் டொக்டர், பிள்ளை அவரோடு ஓடித்திரியும் தோழி.

ஜூலை 16ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. விம்பிள்டன் இறுதிப் போட்டியில் ரொஜர் ஃபெடரர் எட்டாவது முறையாக வென்றார். அதன் பின்னர் புதிய டொக்டரை அறிவிப்பார்கள் என்று கூறப்பட்டிருந்தமையால் வீடு முழுவதும் தொலைக்காட்சி முன் கூடியிருந்தது. மரங்களிடையே ஓர் உருவம் நடந்து வருகிறது. தலையை மூடிய அங்கி. கையில் ஒரு சாவி. மூடி விலகிற்று. பெண் முகம். ஜோடி விற்றேக்கர் என்னும் நடிகை அவர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆடவரே பூண்ட வேடத்தைத் தொடர்கதையின் தலைமைப் பாத்திரமாக ஏற்கும் முதற் பெண்மணி.

மருமகன் ஒன்றும் பேசாது எழுந்து தோட்டத்துக்குப் போனான். பிள்ளை சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னர் வாசற்படியில் நின்று, “அப்பா, இனி நானும் டொக்டராய் விளையாடலாமோ?” என்று கேட்டாள். அவன் திரும்பவில்லை. கேட்கவில்லை என்றுதான் அவனுடைய மனைவி சமாளித்தாள். எனக்கென்னவோ கேட்டது என்றே பட்டது.

அடுத்த சில நாட்கள் அந்நாட்டில் இதே பேச்சு. ஆனந்தக் கண்ணீர் விட்டவர் ஒருபுறம். இனிப் பார்ப்பதில்லை எனச் சபதம் செய்தவர் ஒருபுறம். இருபத்தாறு வயதில் மற் ஸ்மித் தெரிவானபோது மிக இளையவன் என்றவர்களும், ஐம்பத்தைந்து வயதில் பீற்றர் கப்பால்டி வந்தபோது மிக மூத்தவர் என்றவர்களும் இதிலும் இருந்தனர். ஆண் பெண்ணாக மாறுவது கதையின் விதிக்கு முரண் என்றனர் சிலர். டொக்டரின் பரம வைரியாகிய ‘மாஸ்ரர்’ 2014இலேயே பெண்ணாக வந்ததை அவர்கள் மறந்தனர். இத்தொடரை உருவாக்கியவருள் முதல்வரான சிட்னி நியூமன், டொக்டரைப் பின்னொரு கட்டத்தில் பெண்ணாக்க வேண்டும் என்று 1986இலேயே பி. பி. சி. மேலாளருக்கு எழுதியதையும் அறியாதவர் பலர்.

“நான் பெண்ணுகளுக்கு எதிரானவன் இல்லை, மாமா. உங்களுக்கு உது விளங்காது” என்றான் மருமகன். எனக்கு விளங்கியதை நான் சொன்னேன். எங்கள் ஊரில் காத்தவராயன் கூத்து ஆடும் இரவில் காத்தவராயனாக ஒருவர்பின் ஒருவராகப் பலர் வருவர். என் தகப்பனாருக்கு முதலில் வரும் காத்தான்தான் காத்தான். அடுத்தவன் மேடைக்கு வந்ததும் சால்வையை உதறித் தோளிற் போட்டுக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போய்விடுவார். ஆனால், மீசை மழித்த ஆண்பிள்ளை ஆரியமாலையாக வரும்போது அவரும் வாய் திறந்ததில்லை, சபையும் திறந்ததில்லை. மருமகன் சிரித்தான். மனம் மாறினான் என்று சொல்லமாட்டேன்.

அந்த வாரத்திலேயே அமெரிக்காவில் நடந்த இரசிகர் மாநாடு ஒன்றில், முன்னாள் டொக்டர்களுள் ஒருவரான பீற்றர் டேவிசன், ஆண் பிள்ளைகளுக்கு ஒரு முன்மாதிரி இல்லாமற் போகிறதே எனத் தாம் சற்று வருந்துவதாகக் கூறினார். புதியவருக்கு நல்வாழ்த்தும் கூறினார். அதைப் பத்திரிகைகள் சிறிய எழுத்தில் போட்டன. அவருக்கு மறுமொழி கூறியவர் கொலின் பேக்கர். ஆண் பிள்ளைகளுக்கு ஐம்பது ஆண்டுகளாக அந்த முன்மாதிரி இருந்திருக்கிறதே, முன்மாதிரியாக இருப்பவர் நம் பாலினராகவே இருக்கவேண்டுமா என்பது அவருடைய கருத்து.

மருமகன் இச்செய்தியைக் கைத்தொலைபேசியில் வாசித்துவிட்டு நெடுநேரம் சும்மா இருந்தான். “எல்லாருமாய்ச் சேர்ந்து வேண்டாம் எண்டு அனுப்பின மனிசன்” என்றான் மெதுவாக. பின்பு மாடிக்குப் போய்த் தகரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். தாயார் எழுதிய கடிதங்கள் எல்லாம் அதில் இருந்தன. அவற்றுள்ளே நீலத் தாளில் என் கையெழுத்து.

“முகம் புதிது என்பதற்காக ஒருவரை வெறுக்கலாகாது” என்று உரக்க வாசித்தான். “அவர் தரும் மருந்து கசந்தாலும் —” அங்கே நின்றுவிட்டான். சிரிப்பா, வேறொன்றா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. அந்தக் கடிதம் கிடைத்த நாளில் தான் அதை எவ்வளவு வெறுத்தான் என்றும், ஆனால் அம்மா நேர்த்தி வைத்த செய்தி அதில் இருந்தமையால் எறிய மனம் வரவில்லை என்றும் சொன்னான்.

மாலையில் தோட்டத்தில் சத்தம் கேட்டது. யன்னலால் எட்டிப் பார்த்தேன். பிள்ளை முன்னே ஓடினாள். நாற்பத்திரண்டு வயதான தோழி பின்னே மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தான்.

ஜோடி விற்றேக்கரின் முதற் கதை 2018ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் திகதி ஒளிபரப்பாயிற்று. பிரித்தானியாவில் ஒரு கோடியே ஒன்பது இலட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தனராம். நான் அப்போது ஊர் திரும்பிவிட்டேன். மருமகன் என்ன சொன்னான் என்று பிள்ளையிடம் கேட்டேன். “ஒண்டும் சொல்லேல்லை, தாத்தா. ஆனா அடுத்த ஞாயிறு எனக்கு முன்னம் அவர் வந்து இருந்திட்டார்” என்றாள்.

இத்துடன் நிறுத்தியிருப்பேன். ஆனால், 2022ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் திகதி விற்றேக்கரும் விடைபெற்றார். அவர் உருமாறியபோது தோன்றியவர் புதியவர்கூட அல்லர். முன்னொரு முறை டொக்டராக இருந்த டேவிட் டெனன்ற். பலர் மகிழ்ந்தனர். பிள்ளைக்கு அப்போது பதின்மூன்று வயது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரவு சாப்பிட வரவில்லையாம். “என்ரை டொக்டரை எடுத்துப்போட்டு ஒரு பழைய ஆளைக் கொண்டந்திட்டினம். எனக்கு அவர் வேண்டாம்” என்றாளாம்.

தகப்பன் அவளோடு வாதாடவில்லை. நீலத் தாளைக் கதவின் கீழால் உள்ளே தள்ளிவிட்டுப் போனான். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். மறுநாள் எனக்குத் தொலைபேசியில் அழைப்பு வந்தது.

“தாத்தா, முழுக்க வாசிச்சிட்டன். ஒண்டு மட்டும் விளங்கேல்லை. என்ன மருந்து?”