காசில்லாக் கூட்டங்கள்: வ. புதுப்பட்டிக் குறிப்புகள்

எங்கள் ஊரில் அறிவியல் கூட்டம் என்று ஒன்று நடந்தால் அது பள்ளிக்கூடத்தில்தான் நடக்கும். மற்றதற்கெல்லாம் வத்திராயிருப்புக்கோ, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று தள்ளியோ போக வேண்டும். கூட்டத்துக்குக் கட்டணம் கிடையாது. பஸ் காசுதான் செலவு. 2021லிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் அந்தச் செலவும் இல்லை. ஆனாலும் பெண்கள் வருவது குறைவு. சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம் வைத்தால் அடுப்பை யார் பார்ப்பது? ஞாயிறு காலை பதினொன்றுக்கு வைத்துப் பார்க்கலாம்.

*

அழைப்பிதழைப் பார்த்தாலே கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்துதான் சிறப்புரை. ஒரு கல்லூரியில் பேச வந்தவர் கையில் மைக் கிடைத்தபோது எங்களுக்குக் கடைசி பஸ் கவலை வந்துவிட்டது. பாவம், கருந்துளையைப் பற்றி நல்ல படங்கள் கொண்டுவந்திருந்தார். கேள்வி நேரம் நன்றியுரைக்குப் போயிற்று. கேள்விக்கு இடமில்லாத கூட்டத்துக்கு இனி போவதில்லை.

*

தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980இல் தொடங்கியது. 1987இல் நாடு முழுக்க நடந்த அறிவியல் கலைப் பயணம் அக்டோபர் 2இல் புறப்பட்டு நவம்பர் 7இல் போபாலில் முடிந்தது. விஷவாயு கசிந்து மூன்று வருடமாகியும் ஆறாத ஊர் அது. நவம்பர் 7 சர் சி. வி. ராமனின் பிறந்தநாள். இரண்டையும் யோசித்துத்தான் வைத்திருக்க வேண்டும். பாட்டும் தெருநாடகமுமாக அறிவியல் தெருவுக்கு வந்தது அப்போதுதான். ‘துளிர்’ இதழும் அதே வருடம் பிறந்தது. மேடைப் பேச்சைவிடத் தெருநாடகம் மேல் என்பது என் கட்சி. பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

*

கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் 1876இல் ஓர் அறிவியல் சங்கம் தொடங்கினார். ஆரம்ப காலத்தில் அங்கே நடந்தது பெரும்பாலும் பொதுச் சொற்பொழிவுதான். 1907இல் அரசாங்கக் கணக்கு அதிகாரியாக அந்த ஊருக்குப் போன ராமன், வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் அங்கேதான் ஆராய்ச்சி செய்தார். சொற்பொழிவுக்கென்று திறந்த கதவு எதற்கெல்லாம் பயன்படும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

*

சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் 2016லிருந்து மியூசிக் அகாடமியில் ‘சயன்ஸ் அட் தி சபா’ நடத்துகிறது. கச்சேரி நடக்கும் இடத்தில் விஞ்ஞானிகள் பேசுகிறார்கள், அனுமதி இலவசம். பேச்சுகள் யூடியூப்பிலும் இருக்கின்றன. கேட்டேன், நன்றாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் இங்கிலீஷ். பக்கத்துத் தெருப் பையனுக்குப் போட்டுக் காட்ட முடியவில்லை. இதில் பாதியாவது தமிழில் வந்தால் வத்திராயிருப்பு நூலகத்தில் திரை கட்டிக் காட்டலாம்.

*

எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள மலைக்காடு 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. அக்டோபர் முதல் வாரம் வன உயிரின வாரம். அந்த வாரத்தில் நடக்கும் பேச்சுகளுக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் கேள்வியோடு போவார்கள். “அண்ணாச்சி, அணில் இருக்கட்டும். யானை என் தோப்புல தென்னங்கன்னைப் பிடுங்கிக் குருத்தைத் தின்னுட்டுப் போகுது. அதுக்கு வழி சொல்லுங்க.” பேச்சாளர் குறிப்பை மடித்து வைத்துவிட்டுப் பதில் சொல்ல ஆரம்பிக்கும்போதுதான் கூட்டமே தொடங்குகிறது.

*

டெலஸ்கோப் கொண்டுவருபவர்களுக்கு: எங்களுக்கு மேற்கே மலை. வெள்ளி கிரகம் இங்கே சீக்கிரம் மறைந்துவிடும். இருட்டும்வரை காத்திருக்காதீர்கள்.

*

செலவே இல்லாத பாடம் ஒன்று உண்டு. வருடத்தில் இரண்டு நாள் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வரும். நிழலில்லா நாள் என்கிறார்கள். இங்கே அது ஏப்ரல் 15, ஆகஸ்ட் 28 வாக்கில், ஒரு நாள் முன்னே பின்னே இருக்கலாம். நேரம் பகல் 12.20, கடிகாரப் பன்னிரண்டு அல்ல. நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்தது. நாம் அதற்கு ஐந்து பாகை மேற்கே இருக்கிறோம், பாகைக்கு நான்கு நிமிடம். சமதளத்தில் நேராக நிறுத்திய குழாய்த் துண்டின் நிழல் அதன் அடிக்குள்ளேயே போய்விடும். இந்த இரண்டு தேதிக்கும் இடையே நடுப்பகல் நிழல் தெற்கே விழும். இதைக் கவனித்தவர்கள் எத்தனை பேர்?

அதே ஏப்ரல் 15 அன்று சென்னையில் யாராவது ஒரு மீட்டர் கம்பை நட்டு 12.09க்கு அளந்தால் நிழல் ஆறு சென்டிமீட்டர் இருக்கும். அதாவது சூரியன் அங்கே உச்சியிலிருந்து சுமார் 3.4 பாகை சாய்ந்திருக்கிறது. தெற்கு வடக்காக இரண்டு ஊருக்கும் தூரம் 380 கிலோமீட்டர் போல. 360ஐ 3.4ஆல் வகுத்து 380ஆல் பெருக்கினால் 40,000 கிலோமீட்டரை ஒட்டி வரும்: பூமியின் சுற்றளவு. எரடோஸ்தனிஸ் இரண்டாயிரம் வருடத்துக்கு முன் எகிப்தில் செய்ததும் இந்தக் கணக்குதான். சென்னையில் அளக்க ஒரு சொந்தக்காரர் யாருக்குத்தான் இல்லை?

ஆகஸ்டில் மலை மேகம் மறைக்கலாம். ஏப்ரல் நல்லது, சித்திரை ஒன்றுக்கு மறுநாள்தான். பேசுவதற்கு வெளியூரிலிருந்து ஆள் வேண்டாம், கணக்கு வாத்தியார் போதும். பிள்ளைகள் சூரியனை நேராகப் பார்க்காமல் தரையை மட்டும் பார்க்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கே பள்ளி மைதானத்துக்கு வந்துவிடுங்கள். தலைக்குத் துண்டு கொண்டுவாருங்கள்.