பொழுது சாயாத ஊர்
அறிவியல் புனைகதை ஒன்றுக்காக ஒரு கோளை உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். மாதிரி, 2016-இல் அறிவிக்கப்பட்ட பிராக்ஸிமா சென்டாரி பி. தன் விண்மீனைச் சுமார் 11 நாளில் சுற்றிவிடும். அவ்வளவு நெருக்கத்தில், நமக்கு நிலாவைப் போல, விண்மீனுக்கு ஒரே முகத்தைக் காட்டியபடி அது பூட்டப்பட்டிருக்கக்கூடும். ஒரு பக்கம் ஓயாத பகல், மறுபக்கம் விடியாத இரவு.

மக்களை நடுவிலுள்ள அந்திப் பட்டையில் குடிவைத்தேன். பகல் பக்கத்துச் சூடான காற்று மேலெழுந்து இரவுப் பக்கம் போகும்; குளிர்ந்து தரையோடு திரும்பும். ஆக, என் ஊரில் காற்று எப்போதும் இருட்டிலிருந்துதான் வீசும். அந்தத் திசையில் யாரும் வாசல் வைப்பதில்லை. நிழலும் நகராது. பக்கத்து வீட்டுக்காரர் மாடி எழுப்பினால் நம் தோட்டத்துக்கு வெயில் அத்தோடு சரி, வழக்குதான்!

பிடிபடாதது ஒன்றே: அங்கே நாள்கூலியை எதை வைத்துக் கணக்கிடுவார்கள்? யோசனை இருந்தால் சொல்லுங்கள்.